குடிமராமத்தும் குடும்பப் பணியும்

குடிமராமத்து என்னுஞ் சொல் இரு மொழிகள் கூடிப் பிறந்தது. 'குடி' நம் தாய்மொழிச் சொல். 'மராமத்து' என்பதோ அரபு மொழியில் தோன்றிப் பாரசீகத்தின் வழியாக ஆட்சியாளர் ஏடுகளிற் புகுந்து, நம் ஊர்க்கணக்கர் நாவில் நிலைபெற்றது. பழுது பார்த்தல் என்பது அதன் பொருள். ஏரி, குளம், கால்வாய் முதலியவற்றை ஊரார் தாமே கூடிச் செப்பனிடும் வழக்கத்துக்கு இப்பெயர் வழங்கிற்று. பெயர் பிற்காலத்தது, வழக்கம் அதனினும் மிகப் பழையது.

இச்சொல்லில் உள்ள 'குடி' என்பதற்கு எப்பொருள் கொள்வது? குடும்பம், குலம், உழவர், ஆளப்படுவோர், ஊர் எனப் பல பொருள் தரும் சொல் அது. கும்பினியார் காலத்து உத்தியோகஸ்தர் அதனை 'ரயத்து' என்று கொண்டனர். அதாவது நிலவரி செலுத்தும் பட்டாதாரர் ஒருவர். ஊரார் கொண்ட பொருளோ வீடு என்பது. ஒரு கூரையின்கீழ் ஓர் அடுப்பில் உண்போர் அனைவரும் ஒரு குடி. இவ்விரு பொருள்களுக்கும் இடையிலுள்ள வேற்றுமை அகராதியோடு முடிந்துவிடுவதன்று. வீடு முழுதும் வந்து செய்த பணியை, வீட்டின் பெயரால் ஓர் ஆள் வந்து செய்யும் பணியாக மாற்றியபோதே இவ்வழக்கம் நலிவுற்றது என்பது நம் துணிபு. அதனை விளக்கவே இக்கட்டுரை எழுந்தது.

முதற்கண் ஏரியின் இயல்பைச் சிறிது நோக்குவோம். தொண்டை நாட்டிலும் பாண்டி நாட்டிலும் ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு அரிது. ஐப்பசி கார்த்திகையிற் பெய்யும் மழை சில நாட்களுள் ஓடிக் கடலிற் கலந்துவிடும். அந்நீரைச் சரிவான நிலத்திற் குறுக்கே மண்கரை எழுப்பித் தடுத்து நிறுத்துவதே ஏரி. வரத்துக்கால் வழியே நீர் வரும். மதகு வழியே வயலுக்குப் போகும். மிக்க நீர் கலிங்கு வழியே அடுத்த ஏரிக்குச் செல்லும். ஆதலின் ஓர் ஊரின் மிகை அடுத்த ஊரின் வரத்தாகும். இன்றைத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி குளங்கள் உள்ளன என்று கணக்கிடுவர்.

இத்தகைய மண்கரைக்கு நேரும் கேடுகள் பெரும்பாலும் சிறியன. மழைநீர் வழிந்து கரையில் அரிப்பு உண்டாகும்; எலியும் நண்டும் வளை தோண்டும்; ஆலும் அரசும் முளைத்து மதகின் கல்லிடுக்கில் வேர்விடும்; வரத்துக்காலிற் கோரையும் நாணலும் மண்டும்; ஆண்டுதோறும் வண்டல் படிந்து தரை உயரும். இவற்றுள் எதுவும் ஒரு நாளில் ஏரியை அழிப்பதன்று. ஆனால் மாரிக்காலத்து நள்ளிரவில் ஓர் எலிவளை போதும், ஊர் முழுதும் மூழ்குதற்கு. இக்கேடுகள் சிறியனவாய் எங்கும் பரந்து கிடத்தலால், இவற்றைப் போக்கப் பெரும் வலியுடைய சிலர் போதார். சிறு வலியுடைய பலர் வேண்டும். எலிவளையைக் கண்டறியக் கூர்ங்கண்ணுடைய சிறுவன் போதும். அதனை அடைக்கும் களிமண்ணைப் பிசையப் பாட்டி போதும். கல்லிடுக்கிற் கிளைத்த ஆலங்கன்றைப் பிடுங்க மருமகளின் கை போதும். மண்வெட்டிக்கு மட்டுமே காளைப்பருவத்தார் வேண்டும். ஏரிப்பணி குடும்பப் பணியாக அமைந்ததன் காரணம் இதுவேயாம். அறநூல்கள் விதித்தமையால் அன்று. மண்கரையின் இயல்பே அவ்வாறு வேண்டிற்று.

நம் நாட்டு ஊராட்சிக்குச் சான்றாக யாவரும் எடுத்துக்காட்டும் உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களை ஈண்டு நினைவுகூர்தல் தகும். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பெற்றவை அவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பெற்றிருந்தது. குடவோலை முறையால் வாரியப் பெருமக்கள் தெரிந்தெடுக்கப்பெற்றனர். அவருள் அறுவர் ஏரி வாரியத்தார். வயிரமேக தடாகம் என்னும் ஏரி அவ்வூருக்கு உயிராயிருந்தது. குடும்பு என்பது ஊரின் ஒரு பகுதி. குடும்பம் என்னுஞ் சொல்லோடு ஒலி ஒத்தலைக் கண்டு இரண்டும் ஒரே பொருளவென்று துணிதல் புலமைக்கு அழகன்று. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்து எண்ணத் தடையில்லை.

921ஆம் ஆண்டுக் கல்வெட்டில் ஒரு செய்தி உளது. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் குடவோலைக்கு உரியனல்லன். அவனோடு அவன் தந்தை, மகன், மாமன், மைத்துனன், மாமனார், மருமகன் முதலிய சுற்றத்தாரும் உரியரல்லர். இக்காலத்தார்க்கு இது கொடுமையாகத் தோன்றலாம். ஒருவன் செய்த பிழைக்கு மைத்துனன் என்ன செய்வான்? ஆனால் இதன் மறுபக்கத்தை நோக்குக. ஊர்ப்பணியில் ஒருவன் கை தூயதாயிருத்தலைக் காக்கும் பொறுப்பு அவன் வீட்டார் அனைவர்க்கும் உண்டு என்று அவ்வூரார் கருதினர். ஏரிக்கணக்கு ஒருவன் மடியில் இருந்தாலும், அது வீட்டின் மானத்தோடு பிணிக்கப்பட்டிருந்தது.

உழைப்பு ஒன்றினாலேயே ஏரி காக்கப்பெற்றது என்று கொள்ளற்க. ஏரியில் ஓடம் விட்டு வண்டலை வாரிக் கரையில் இடுதற்கென நிலமும் பொன்னும் அறக்கட்டளையாக வைத்தமையைச் சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் கூறும். பிற்காலத்திற் களத்து நெல்லில் முதற்கண் ஏரிக்கென ஒரு பங்கு எடுத்து வைத்த பின்னரே அரசர்க்கும் குடிகளுக்கும் பங்கிட்டனர். செங்கற்பட்டுச் சாகீரில் 1767 முதல் 1774 வரை பார்நார்டு என்னும் ஆங்கிலேயர் ஊர்தோறும் எடுத்த கணக்கில் இத்தகைய பங்குகள் குறிக்கப்பெற்றுள்ளன. நெல்லின் பங்கு கல்லுக்கும் சுண்ணத்துக்கும் கொல்லர் தச்சர் கூலிக்கும் ஆயிற்று. மண்வேலை ஊரார் கையால் ஆயிற்று. கும்பினியார் ஆட்சியில் அப்பங்குகள் சுருங்கி வரிப்பணத்தோடு கலந்தன. கைவேலை மட்டும் குடிகள் தலைமேல் எஞ்சிற்று. பொருளை வாங்கிக்கொண்டு உழைப்பை மட்டும் 'உங்கள் பழைய வழக்கம்' என்று கேட்டால் எவ்வூரார் மனமுவந்து வருவர்?

இனி, குடிக்கு ஒரு பங்கு என்னும் இம்முறையை நம் மக்கள் யாவரும் அறிந்த ஒரு கதையிற் காணலாம். அது திருவிளையாடற் புராணத்து மண் சுமந்த படலம். வையையிற் பெருவெள்ளம் வந்து கரை உடைந்தது. பாண்டியன் ஏவலர் உடைந்த கரையை அளந்து குடிக்கு இவ்வளவு என்று மதுரை மக்களுக்குப் பங்கிட்டனர். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்னும் கிழவிக்கும் ஒரு பங்கு விழுந்தது. அவளுக்குக் கணவனில்லை, மகவில்லை, சுற்றமில்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாகத் தருவதாக ஒரு கூலியாளை அமர்த்தினாள். அக்கூலியாள் யார், அவன் முதுகிற் பட்ட பிரம்படி யார் யார் மேற் பட்டது என்பன நம் வீட்டுச் சிறுவர் சிறுமியர்க்கும் தெரியும். மதுரையிற் பிட்டுத்தோப்பில் ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் இது நடித்துக் காட்டப்பெறுகின்றது.

பத்தர்கள் இக்கதையில் இறைவன் எளிவந்த தன்மையைக் கண்டு உருகுவர், அது முறையே. வரலாறு கற்பான் வேறொன்றையும் காண்பான். புராணம் புராணமேயாயினும், அதனைப் பாடிய புலவர் தம் காலத்து ஊர்வழக்கத்தை அறிந்தே பாடுவர். குடிக்கு ஒரு பங்கு அளந்து விடுதலும், பங்கு முடிக்காத குடியை ஏவலர் கடிதலும், கை இல்லாத குடி கூலியாளைத் தேடுதலும் கேட்போர்க்குப் புதியனவாயிருந்திருப்பின், கதை அவர் உள்ளத்தில் இங்ஙனம் பதிந்திராது.

இப்படலத்தைப் படிக்குந்தோறும் நம் நெஞ்சை உறுத்துவது ஒன்றுண்டு. மதுரை மாநகரில் எத்துணை வீடுகள்! தந்தையும் மகனும் மருமகனுமாகப் பத்துப்பேர் கூடித் தம் பங்கை அடைத்து முடித்த வீடுகள் அக்கரையில் எத்துணை இருந்திருக்கும்! அவற்றுள் ஒரு வீட்டாரேனும் பக்கத்திற் கிடந்த கிழவியின் பங்கில் இரண்டு கூடை மண்ணைக் கொட்டினாரில்லை. தம் அளவு முடிந்ததும் மண்வெட்டியைத் தோளில் வைத்து வீடு திரும்பினர். அடைபடாத பங்கு வந்தியினுடையதாயினும், அதன் வழியே புகும் வெள்ளம் வந்தியின் குடிசையை மட்டுமா நனைக்கும்? குடும்பமாகப் பணி செய்தலில் உள்ள இழுக்கு இது. குடும்பம் தன் எல்லையைச் சுவராக்கிக்கொள்ளவும் கூடும். 'என் வீட்டுப் பங்கு முடிந்தது' என்னும் சொல் பெருமையாகவும் ஒலிக்கும்; புறக்கணிப்பாகவும் ஒலிக்கும்.

ஈண்டு இன்னொன்றையும் மறைத்தல் கூடாது. பழமையைப் புகழ்ந்தெழுதுவார் பலர் இவ்விடத்தில் விரைந்து கடந்துவிடுவர். நில உரிமை மிக்க வீடுகள் பல காலப்போக்கில் ஏரிக்கரைக்குத் தாம் வருதலை விடுத்துப் பண்ணையாட்களை அனுப்பத் தொடங்கின. பங்கு பண்ணையார் பெயரில், முதுகு பண்ணையாளுடையது. நீர் பாய்வது பண்ணையார் வயலில். மண் சுமப்பது நிலமில்லாதார் குடும்பம். அவர்களும் குடும்பத்தோடேதான் வந்தனர்; கணவன் வெட்ட, மனைவி சும்மாட்டின்மேற் கூடை ஏற்றிச் சுமக்க, குழந்தை வேப்பமரத்துத் தூளியிற் கிடந்தது. ஆனால் அதனை ஊர்ப்பணி என்பதா, வெட்டி என்பதா? தாம் கரை காத்த நீர்நிலையின் துறையில் ஒரு குடம் நீர் முகக்கவும் அவர்க்கு உரிமையில்லாத ஊர்கள் பல இருந்தன. இதனை நம் போன்ற சங்கங்களின் ஏடுகளில் எழுதுதல் சிலர்க்கு உவப்பாயிராது. உவப்பன்று என்பதால் உண்மை வேறாகிவிடாது. விரும்பி வந்தார் செய்வது தொண்டு. அனுப்பப்பட்டார் செய்வது ஏவல். இரண்டுக்கும் மண் ஒன்றே, கூடை ஒன்றே.

வீட்டார் வருதல் நின்று ஆள் வருதல் நிலைத்தபின், சட்டமும் அதனையே உறுதிசெய்தது. 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்துக்கென முதலாவது சட்டமாகக் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. அதற்கு இரு கூறுகள் உண்டு. வெள்ளத்தால் ஏரி, ஆறு முதலியவற்றின் கரைக்கு இடர் நேருங்கால், அருகிலுள்ள உழைப்பாளி வகுப்பாருள் உடல் வலியுள்ள ஆடவரை ஊர்த்தலைமைக்காரர் அழைத்து வேலை வாங்கலாம் என்பது ஒன்று. அதற்குக் கூலியும் உண்டு. வழக்கப்படி ஊரார் கூடிச் செய்யும் பாசன வேலைக்குத் தம் உழைப்பைத் தர மறுப்போர், அவ்வுழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு பொருள் செலுத்த வேண்டும் என்பது மற்றொன்று.

இச்சட்டத்தின் சொற்களைத் தமிழாசிரியன் கண்கொண்டு நோக்கினால் ஒன்று புலப்படும். முதற்கூற்றில் குடி என்பதே இல்லை. வீட்டுக்கு ஒருவர் என்றில்லை. நிலமுடையாரும் இல்லாரும் என்றில்லை. உழைப்பாளி வகுப்பார் என்றே உளது. கரை உடைந்தால் நனையப்போவது எல்லா வீடும். கரையடைக்க ஓடிவர வேண்டுவது ஒரு வகுப்பார் மட்டும்! பெண்டிரும் முதியோரும் சிறுவரும் கணக்கினின்றும் நீங்கினர். இரண்டாங்கூறு உழைப்பைப் பணமாக மதித்தது. மதித்தவுடன், பணம் உடையான் பணத்தை எறிந்துவிட்டுத் திண்ணையில் அமரலாம் என்னும் வழியும் திறந்தது. அரசியலாரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. ஊர் முன்னரே அவ்வழியில் நடக்கத் தொடங்கிவிட்டது, சட்டம் பின்தொடர்ந்து வந்து எழுதிக்கொண்டது. பொதுமராமத்து இலாகா தோன்றிய பின்னர் ஏரி என்பது சர்க்காரின் பொருள் என்னும் எண்ணமும் வேரூன்றியது.

கட்டாயத்தை நீக்கினாற் போதும், விருப்பம் தானே தழைக்கும் என்று எண்ணுவாரும் உளர். இலங்கையின் வரலாறு அவர்க்கு விடை கூறும். குளங்களைக் கட்டியும் காத்தும் வாழ்ந்த அத்தீவில் அரசனுக்கு உழைப்புக் கடமை செலுத்தும் இராசகாரியம் என்னும் முறை இருந்தது. கோல்புரூக் குழுவினர் கூற்றுப்படி ஆங்கில அரசினர் 1832இல் அதனை ஒழித்தனர். குடிகளின் தளை அறுந்தது; அது நன்றே. ஆனால் அத்தளையோடு சேர்ந்தே ஊர்க்குளம் காக்கும் கடமையும் அறுந்தது. ஒருவன் கால்வாயைத் தூர்க்கவும் மற்றொருவன் கரையை வெட்டவும் கேட்பாரின்றிப் போயிற்று. 1856இல் தேசாதிபதி என்றி வார்டு காலத்தில் நெல்வயற் பாசனத்துக்கெனச் சட்டமொன்று இயற்றி, ஊராரின் பழைய பாசன வழக்கங்களுக்கு மீண்டும் வலிமை தரவேண்டியதாயிற்று. கட்டாயம் போன இடத்தில் விருப்பத்தை நட்டு வளர்ப்பார் இல்லையேல் அங்கே களையே வளரும்.

நம் நாட்டுக்கு மீள்வோம். உரிமை பெற்ற பின்னர் ஏரிகளைப் பற்றிய கவலை பலகாலும் எழுந்தது. 2000ஆம் ஆண்டில் உழவர்கள் பாசன அமைப்புக்களை மேலாண்மை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் இயற்றப்பெற்றது. குடிமராமத்து என்னும் பழம்பெயரே 2017இல் உயிர்த்தெழுந்தது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் காஞ்சிபுர மாவட்டத்து மணிமங்கலம் ஏரியில் அப்பணி தொடங்கப்பெற்றது. பல்லவ நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியை முறியடித்த மணிமங்கலம் அதுவே என்பதை மாணாக்கர் அறிக. முதற்கண் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் வகுக்கப்பெற்றன. பயன்பெறும் உழவர் பத்தில் ஒரு பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தரவேண்டும் என்பது ஏற்பாடு.

அத்திட்டத்தின் குணங்குற்றங்களை ஆராய்தல் நம் நோக்கமன்று. ஒன்று மட்டும் சொல்லுவோம். இந்நாளில் ஏரி தூர்வாருவது பெரும்பாலும் பொக்லைன் என்னும் பொறியே. நூறு பேர் பல நாளில் வெட்டும் மண்ணை அது ஒரு நாளில் வாரும். அதனை வேண்டாவென்பது பேதைமை. கூடையும் சும்மாடும் தந்த முதுகுவலியை நாம் மறக்கவில்லை. ஆயினும் பொறிக்கு எலிவளை தெரியாது. மதகின் இடுக்கில் இரண்டு விரற்கடை முளைத்த ஆலங்கன்றை அது பிடுங்காது. வரத்துக்காலை மறித்து யார் வேலி கட்டினார் என்று அது கேளாது. பொறி வருவது எத்தனையோ ஆண்டுக்கொரு முறை; கரையோ ஆண்டுதோறும் கவனிப்பை வேண்டுகின்றது.

குடும்பமாகப் பணிசெய்தலால் விளைந்த மற்றொரு நன்மை அறிவு கைமாறியமையாம். பாட்டன் கரைமேல் நடந்துகொண்டே, 'இவ்விடத்தில் முன்னொரு கால் உடைப்பு எடுத்தது. இங்கே மண் இன்னும் பொருந்தவில்லை' என்று பேரனுக்குக் காட்டுவான். எந்த ஏட்டிலும் எழுதப்படாத அச்செய்தி அவ்வாறே மூன்று தலைமுறைக்குச் செல்லும். மதகு, கலிங்கு, குமிழித்தூம்பு என்னுஞ் சொற்களை நம் வகுப்பில் மாணாக்கர் பிழையின்றி எழுதுகின்றனர். அவற்றுள் ஒன்றையேனும் கண்ணாற் கண்டோர் கையை உயர்த்துக என்றால் நாற்பதின்மருள் நால்வர் கையே உயர்கின்றது. அந்நால்வரும் விடுமுறைக்குத் தாத்தா வீடு செல்வோர்.

நம் சங்கத்துக் குடும்பங்களிற் பல இன்று நகரங்களிற் குடியேறியுள்ளன. ஆயினும் சித்திரை வைகாசியில் ஊர்த்திருவிழாவுக்கு வாராத வீடு அரிது. ஏரி வறண்டு கிடப்பதும் அப்பருவமே. திருவிழா முடிந்த மறுநாள் பேருந்து ஏறாமல் இரண்டு நாள் தங்கினால் வரத்துக்காலைத் துப்புரவு செய்யலாம். செய்யத் தொடங்குமுன் அறியவேண்டுவன சில. 40 எக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளன; அதற்கு மேற்பட்டவை அரசின் நீர்வளத் துறைக்கு உரியன. உரிய இடத்தில் இசைவு பெறாமற் கரையிற் கை வைத்தல் ஆகாது. வண்டல் மண்ணை வயலுக்கு எடுத்துச் செல்ல வட்டாட்சியரிடமே இசைவு பெறும் வழியை அரசினர் 2024இல் எளிதாக்கியுள்ளனர், கட்டணமும் இல்லை. சீமைக்கருவேலத்தைக் கிளையளவில் வெட்டிவிட்டு வருதல் வீண்வேலை. வேரோடு களைதற்குப் பொறியும் அதனை ஓட்டுவாரும் வேண்டும். சிறுவரை மதகின் உள்ளே இறங்க விடற்க. முதியோர்க்கு நிழலும், அங்கிருந்து கரை முழுதும் காணும் இடமும் வேண்டும். அவர் சொல்லுவதை இளைஞர் எவரேனும் ஒருவர் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

இன்னொன்று: வீட்டுக்கு இவ்வளவு முழம் என்று வரத்துக்காலை அளந்து பிரிக்குங்கால், பிள்ளைகள் வெளியூரிலிருக்கத் தனித்து வாழும் முதியோர் வீடுகளின் பங்கையும், ஆளில்லாத வீடுகளின் பங்கையும் முதலில் அளந்து, அவற்றை எல்லா வீட்டாரும் கூடி முடித்த பின்னரே தத்தம் பங்குக்குச் செல்வது என்று கூட்டத்தில் முன்னரே பேசி வைத்தல் நலம். அப்பங்குகள் எத்தனை என்று ஊர்க்கணக்கைப் பார்த்தால் தெரியும். நம் பக்கத்து ஊர்களில் அவை மிகுதி.